நிறைந்த அணையும் நீர் காணாக் கடைமடையும்

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பெரும்பாலன உழவைப் பற்றி நிற்பன. கல்வியும் உத்தியோகமும் நாடிப் பட்டணம் போந்தாரும் ஊரில் நாலு மா எட்டு மாவேனும் வைத்திருப்பவரே. ஆதலின் மேட்டூரணையில் இன்று நீர் எத்துணை அடி நிற்கின்றது என்னும் செய்தி நம்மவர் இல்லங்களில் நாடோறும் வழங்குவதொன்று. அணை நூற்றிருபது அடி நிறைந்ததெனின் அகமகிழ்தலும், அறுபதுக்குத் தாழ்ந்ததெனின் முகம் வாடுதலும் நமக்கு இயல்பு. ஆயினும் அணை நிறைந்த ஆண்டெல்லாம் நம் வயல் நிறைந்த ஆண்டாயிற்றா என்று ஆராய்வார் சிலரே.

2018-ஆம் ஆண்டு, விளம்பி வருஷத்து ஆடி ஆவணி மாதங்களில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திரார். மேட்டூரணை நிறைந்து, பதினாறு கண் மதகும் திறந்து, கொள்ளிடம் இருகரையும் அளாவிக் கடலை நோக்கி ஓடியது. அதே நாள்களில் நாகப்பட்டினம் திருவாரூர் மாவட்டங்களின் கடைமடை உழவர், தம் வாய்க்காலில் நீர் வரவில்லை என்று முறையிட்டு நின்றனர். ஆகஸ்டு 29-இல் கொடியேறும் ஆரோக்கிய மாதா திருவிழாவிற்காகத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து கால்நடையாய் வேளாங்கண்ணிக்கு வருவோர், புறப்பட்ட இடத்திற் கரைபுரண்ட ஆற்றைக் கண்டு, வந்து சேர்ந்த இடத்தில் நீர் குன்றிய வாய்க்கால்களைக் கண்டு வியப்புற்றனர். "இத்துணை நீரும் வீணே கடலிற் போகவிட்டவர் யார்?" என்னும் வினா அப்போது எங்கும் எழுந்தது. அவ்வினா வேகத்திற் கேட்கப்பட்டது. விடையோ வரலாற்றினுள் உறைந்து கிடக்கின்றது. அதனைச் சிறிது விரித்துரைப்பதே ஈண்டு நம் கருத்து.

முதற்கண் ஆற்றின் இயல்பை அறிதல் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபாற் செல்வது கொள்ளிடம். தென்பாற் செல்வது காவிரி. இரண்டற்கும் இடையே கிடப்பது திருவரங்கத் தீவு. தீவு முடியுமிடத்தில் இரண்டும் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரி நீர் கொள்ளிடத்துள் வழிந்தோடாதபடி தடுத்து நிற்பதே கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, நேரியது. காவிரியின் படுகையோ மணல் மேவி உயர்ந்து வருவது. எனவே ஆறு தன் இச்சைப்படி விடப்பட்டால் நீர் முழுதும் கொள்ளிடத்திற் சரியும். தஞ்சை நாட்டார் ஈராயிரம் ஆண்டாகச் செய்து வந்த பாடெல்லாம், ஒருவகையிற் சொன்னால், இச்சரிவோடு நிகழ்த்திய போராட்டமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போராட்டத்திற் காவிரி தோற்கும் நிலைமை எய்தியது. 1804-இல் காலுடுவெல் என்னும் படைத்தலைவர் நிலையை அளந்து ஆராய்ந்து அறிக்கை செய்தார். அவர்க்குப் பின் வந்த ஆர்தர் காட்டன் கல்லணையின் அடிப்படையைத் தோண்டிப் பார்த்து, நம் முன்னோர் ஆற்று மணலிற் கல்லை அமிழ்த்திக் களிமண் கூட்டி எடுத்த அணை அத்துணைக் காலம் நிலைத்திருந்த மருமத்தைக் கண்டார். கண்டதை மறைக்காது ஒப்புக்கொண்டு, பின்னர்க் கோதாவிரியில் தவளேசுவரத்து அணைக்கும் அவ்வழியையே கையாண்டார். அயலார் ஒருவர் நம்மவர் தொழிலை ஆசானாகக் கொண்டமை மகிழ்தற்குரியதே. எனினும் அவர் நம் நாட்டிற் செய்த பெரும்பணி வேறு: 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். மேலணையால் காவிரிக்கு வேண்டும் நீர் காவிரியிற் சென்றது. மிஞ்சியதே கொள்ளிடத்தில் விழுந்தது. அன்று முதல் கொள்ளிடம் தஞ்சை நாட்டின் வெள்ள வடிகாலாய் அமைந்தது. இதனை நேயர்கள் நன்கு மனத்திற்கொள்க. பின்னர்ச் சொல்லப்போவது யாவும் இதனைப் பற்றியே நிற்கும்.

ஆனால் மேலணையும் கல்லணையும் நீரைப் பிரிக்க வல்லனவேயன்றிச் சேர்த்து வைக்க வல்லனவல்ல. குடகு மலையில் ஆனியிற் பெய்தால் குறுவை; பெய்யாவிடில் இல்லை. பெருக்கெடுத்தால் மிச்சம் கடலுக்கு. வற்றினால் வானமே துணை. நீரைத் தேக்கி வைக்கும் ஓர் ஏரியை மலையடியில் அமைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நெடுங்காலம் எண்ணமாகவே கிடந்தது. எல்லிஸ் என்னும் எஞ்சினீயர் 1910-இல் திட்டம் ஒன்றை வகுத்தும், மைசூர் சமஸ்தானம் கண்ணம்பாடியில் தான் தொடங்கிய அணைபற்றிச் சென்னை இராசதானியோடு வழக்காடிக்கொண்டிருந்தமையால் காரியம் தடைப்பட்டது. 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-இல் இரு சர்க்காரும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி மைசூரார் கண்ணம்பாடியணையை 124 அடிக்கு உயர்த்தவும், சென்னையார் மேட்டூரில் தம் நீர்த்தேக்கத்தைக் கட்டவும் உரிமை பெற்றனர்.

மை உலர்ந்து ஐந்து திங்களே ஆயின. இரக்தாக்ஷி வருஷத்து ஆடி மாதம், 1924 ஜூலையில், தென்மேற்குப் பருவமழை யாரும் கண்டறியாத வன்மையோடு மேற்கு மலைத்தொடர் முழுதும் பெய்தது. மலையாளத்தார் இன்றும் கொல்லம் ஆண்டு 1099-ஐக் குறித்து, 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கதை சொல்வர். மூணாற்றில் மலைமேல் ஓடிய சிறு இரயில்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் போடப்படவேயில்லை. இப்பாற் காவிரியில் மேட்டூரருகே வினாடிக்குச் சுமார் 4,56,000 கன அடி நீர் புரண்டதாகக் கணக்கிட்டனர். திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் மேலிருந்த பாலம் சிதைந்தது. அதற்கு மாற்றாக 1928-இல் வேறொன்று கட்டப்பட்டது. அப்பாலத்தின் பெயர் இக்கட்டுரையில் மறுபடியும் வரும்.

அவ்வெள்ளம் வந்தபோது மேட்டூரில் அணையில்லை. எனவே 'அணை கட்டியதால் வந்த தீங்கு' என்று அதனைக் கூறுதற்கில்லை. 'அணை இருந்திருந்தால் தடுத்திருக்கும்' என்று கூறலாமோ எனின், அதனையும் கணக்கிட்டே பார்த்தல் நன்று. அதற்கு முன் அணையின் வரலாற்றை முடித்துக்கொள்வோம்.

1925-ஆம் ஆண்டு ஜூலையில் வேலை தொடங்கிற்று. ஒன்பது ஆண்டுகள் நடந்தது. 5,300 அடி நீளமும், அடிநிலையிலிருந்து 214 அடி உயரமும் உடையதாய் எழுந்த அணையை, பவ வருஷத்து ஆவணித் தொடக்கத்தில், 1934 ஆகஸ்டு 21-இல், சென்னைக் கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைத்தார். அவர் பெயராலேயே அது ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. நீர்ப்பரப்பில் ஊர்கள் மூழ்கின. இன்றும் அணைநீர் மிகத் தாழும் காலங்களில் பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறித்தவ ஆலயக் கோபுரமும் நீருக்கு மேல் தலைகாட்டும். நந்தி தோன்றிற்று என்று பத்திரிகையிற் படம் வருமாயின், அவ்வாண்டு நம் குறுவை போயிற்று என்று பொருள். ஆண்டுதோறும் அப்படத்தைப் பார்க்க விரும்பாதார் தஞ்சை நாட்டாரேயாவர்.

இவ்வணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இனிக் கணக்குக்கு வருவோம். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓரிரவும் ஓடும் நீரே ஒரு டி.எம்.சி. ஆகும். இவ்வொரு வாய்பாட்டை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வாராயின், பத்திரிகையில் வரும் நீர்ச்செய்தி யாவும் அவர்க்கு விளங்கும். 1924-இல் வந்த 4,56,000 கன அடியை இதனால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு முப்பத்தொன்பது டி.எம்.சி.க்கு மேலாகின்றது. அஃதாவது, ஒரு துளி நீரின்றி முற்றும் வறண்டு கிடக்கும் மேட்டூரணையும், அவ்வெள்ளம் அவ்வளவிலேயே நீடிக்குமாயின், இரண்டரை நாளைக்குள் நிறைந்துவிடும். மூன்றாம் நாள் வருவது வந்தபடியே வெளியேறல் வேண்டும். கட்டினோர் இதனை அறியாதவரல்லர். அதனாலன்றோ அணையின் பக்கத்தே எல்லிஸ் பெயரால் பதினாறு கண் உபரிநீர் மதகு ஒன்றைத் தனியே அமைத்து, நான்கு லட்சம் கன அடிக்கு மேலும் வெளியேற வழி செய்தனர்! நீர்மின் நிலையங்கள் வழியாய்ச் செல்லத்தக்கது சுமார் 23,000 கன அடியே. பாசனத்துக்கு அது போதும். வெள்ளத்துக்கு அது துரும்பு.

இதனால் பெறப்படுவது யாது? மேட்டூரணை பாசனத்திற்காக எடுக்கப்பட்டதேயன்றி வெள்ளம் தடுத்தற்கென்று எடுக்கப்பட்டதன்று. இவ்விரு நோக்கமும் ஓரணைக்குள் ஒருங்கே நிற்றல் அரிது. பாசனம் வேண்டுவோன் அணை எப்போதும் நிறைந்திருக்க விரும்புவான். வெள்ளத்துக்கு அஞ்சுவோன் அணை எப்போதும் சிறிது வெறுமையாயிருக்க விரும்புவான். ஆடியில் நிறைகுடமாய் நிற்கும் அணையில் மேலும் வார்த்தால் வழிதலன்றி வேறு வழியில்லை.

"அங்ஙனமாயின் ஆடி ஆவணியில் 120 அடிக்கு நிரப்பாது 110 அடியோடு நிறுத்திப் பத்தடியை வெள்ளத்துக்கு இடமாக விட்டுவைத்தால் என்னை?" என்று கற்றோர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. கேட்டதற்கு நாம் கணக்கினாலேயே விடை தருவோம். 110 அடியில் அணையில் நிற்பது சற்றேறக்குறைய 78 டி.எம்.சி. எனவே மேற்பத்தடியில் கொள்வது பதினைந்து டி.எம்.சி. இரண்டு லட்சம் கன அடி வரும்போது ஒரு லட்சத்தை வெளிவிட்டு ஒரு லட்சத்தைத் தேக்குவதாயின், அவ்விடம் இரண்டு நாள் முடியுமுன் நிறைந்துபோம். அவ்விரண்டு நாளில் கீழுள்ளார் கரையைக் காக்கவும், திட்டுகளில் வாழ்வார் வெளியேறவும் அவகாசம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? அப்பதினைந்து டி.எம்.சி. பின்னர் வாராது போயின், தை மாதத்தில் நாளொன்றுக்குப் பதினையாயிரம் கன அடி வீதம் பதினொரு நாளைக்கு ஆகும் நீரை இழந்தவராவோம். தாளடிப் பயிர் பால்பிடிக்கும் காலத்திற் பதினொரு நாள் நீர் எத்தகையது என்பதை நம்மவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ! அணையை நிரப்புதலே தக்கது. ஆயின் மேலே மழை பெய்யும் செய்தி வந்தவுடன், 120 அடி நிறையும்வரை காத்திராது, முன்னரே படிப்படியாகத் திறந்துவிடுதல் வேண்டும் என்பதே எம் துணிபு. முன்னாளில் அச்செய்தி தந்தி வழியாக வந்தது. இந்நாளிலோ வயநாட்டில் மழை பெய்யும்போதே அளவு கையிற் கிடைக்கின்றது. பிலிகுண்டுலுவில் மத்திய சர்க்காரின் அளவுகோல் இருக்கின்றது. செய்தி இல்லை என்று இனி யாரும் சொல்லுதற்கில்லை.

செய்தி இருந்தும் கை கட்டுண்டிருத்தல் மற்றொன்று. காவிரியின் மேற்பகுதியில் கண்ணம்பாடியணை 49 டி.எம்.சி.யும், ஏமாவதி 37-உம், கபினி 19-உம், ஆரங்கி 8-உம் கொள்வன. நான்கும் சேர்ந்து மேட்டூரினும் பெரிய ஏரி போல்வன. இவை நிறையுமளவும் மழைக்காலத்து நீர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிறைந்த மறுகணம் வருவதெல்லாம் ஒருங்கே கீழே விடப்படும். எனவே நமக்கு நீர் சிறிது சிறிதாக வாராது, ஒன்று இன்மையாகவும் ஒன்று வெள்ளமாகவும் வருகின்றது. 1924 உடன்படிக்கையின் ஐம்பதாண்டு முடிந்த பின் எழுந்த வழக்கு, 1990-இல் நடுவர் மன்றமாகி, 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பாகி, 2018 பிப்ரவரி 16-இல் உச்சநீதிமன்றத்தாற் திருத்தப்பட்டு, ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் அளந்து விடுக என்று முடிந்தது. வழக்கின் நியாய அநியாயங்களை முன்னரே பலர் எழுதிவிட்டனராதலின் யாம் விரிக்கவில்லை. ஒன்றுமட்டும் கூறுவோம்: வெள்ளத்து நீரும் அவ்வெண்ணிற் சேர்கின்றது, நாம் தேக்கவியலாத நீரும் நமக்குக் கொடுத்த கணக்கில் நிற்கின்றது.

நிற்க. 2018-ஐப் பார்ப்போம். அதற்கு முந்திய ஆறாண்டுகளும் அணை ஜூன் 12-ஆம் நாளாகிய வழக்கமான நாளில் திறக்கப்படவில்லை. ஆடியிலும் புரட்டாசியிலுமே திறந்தது. ஆகையால் குழாய்க்கிணறு உடையார் தவிர மற்றையோர் குறுவையை மறந்திருந்தனர். அவ்வாண்டும் ஜூன் 12-இல் அணையில் நீரில்லை. பின்னர்க் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டிற்று. அவ்வாண்டு கேரளம் பட்ட துயரம் உலகறிந்தது. ஜூலை 19-இல் மேட்டூரணை பாசனத்திற்குத் திறக்கப்பட்டது. ஜூலை 22-இல் கல்லணை திறக்கப்பட்டது. ஜூலை 23-இல் மேட்டூரணை 120 அடி நிறைந்தது, முப்பத்தொன்பதாம் முறையாக.

இந்நாள்களை நேயர்கள் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். கல்லணையில் ஷட்டர் உயர்ந்த மறுநாளே அணை நிறைந்துவிட்டது. மேட்டூர் நீர் கல்லணைக்கு வரச் சுமார் மூன்று நாள். கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் இறங்கி, தென்பெரம்பூரிற் பிரிந்து, நீடாமங்கலத்திற் பிரிந்து, வெள்ளையாறாகி நம் வேளாங்கண்ணிப் பக்கம் வந்து செருதூரருகே கடல் சேருமுன், ஆண்டு முழுதும் காய்ந்து கிடந்த மணற்படுகை முதலிற் குடிக்கும், வழியிலுள்ள தலைமடை வாய்க்கால்கள் அடுத்துக் குடிக்கும், மிஞ்சியது நமக்கு. பல நாள் செல்லும். இதற்கிடையே வந்த வெள்ளத்தை எங்கே விடுவது? காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுமாகச் சேர்ந்து கொள்ளத்தக்கது இருபதாயிரத்துச் சில்லறைக் கன அடியளவே. இரண்டு லட்சம் வரும்போது அவற்றில் அதிகம் விட்டாற் கரை உடையும். உடைந்தால் நீர் கடைமடைக்கு வருவதில்லை, தலைமடையை மூழ்கடித்து அங்கேயே நிற்கும். ஆகவே எஞ்சியது கொள்ளிடத்திற்கே போதல் வேண்டும். கொள்ளிடம் பெருகியது நம் வாய்க்கால் நீரைத் திருடியதாலன்று; நம் வாய்க்கால் கொள்ளாத நீரே அங்கே ஓடிற்று.

இவ்வாறு கூறுதலால் அதிகாரிகள்மேற் குறையே இல்லை என்று யாம் வாதிக்க வந்தேமல்லேம். தூர்வாரும் வேலையும் மதகு பழுதுபார்க்கும் வேலையும் பல வாய்க்கால்களில் முடியாமற் கிடந்தன. முடியாத வேலைக்காக நீரை அடைத்தனர். அடைத்தமையால் நீர் தாமதித்தது. மழை மேலே பெய்துகொண்டிருந்த ஆனி மாதத்திலேயே, அணையில் எண்பது அடியிருக்கும்போதே திறந்திருந்தால், ஆறுகள் நனைந்து வழி பழகியிருக்கும். பெருவெள்ளத்தை அதனால் தடுத்திருக்கவொண்ணாது என்பது மேற்கண்ட கணக்கால் விளங்கும். ஆனால் கடைமடைக்கு நீர் எட்டியிருக்கும்.

ஆகஸ்டு மாதத்தில் இரண்டாம் பெருக்கு வந்தது. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியளவில் நீர் வெளியேறியது. திருச்சிராப்பள்ளியில், 1924-இற் சிதைந்த பாலத்துக்கு மாற்றாக 1928-இற் கட்டிய பழம்பாலத்தின் தூண்கள் சாய்ந்து, ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. நல்வினையாகப் போக்குவரவு அதற்கு முன்பே புதுப்பாலத்துக்கு மாறியிருந்தது. ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிட மதகுகளில் ஒன்பது கண்கள் உடைந்து வீழ்ந்தன. காட்டன் எடுத்து நூற்றெண்பத்திரண்டு ஆண்டு நின்ற அணை அது. உடைந்தது வெள்ளத்தின் உச்சத்திலன்று, வெள்ளம் தணியத் தொடங்கிய பின்னர் என்பது சிந்திக்கத்தக்கது. உடைவின் பயனாகக் காவிரிப் பக்கம் தள்ளவேண்டிய நீர் கொள்ளிடத்திற் சரிந்தது. இரவும் பகலும் மணல் மூட்டையும் பாறையும் இட்டு அடைத்தனர். நம் கடைமடையில் நாற்றங்கால் விட்டோர் அந்நாள்களில் உறங்கவில்லை. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. அவ்வாண்டு அத்தோடும் விடவில்லை. நவம்பர் 16-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது. அது வேறு கதை.

இனி 2022-ஆம் ஆண்டு, சுபகிருது வருஷம். இது மிக்க மழை பெய்த கோடைக்கு நேரான எடுத்துக்காட்டு. சித்திரை வைகாசியிலேயே நீர்ப்பிடிப்பில் கோடைமழை பொழிந்து, அக்கினி நட்சத்திர நாள்களில் மேட்டூரணை 117 அடிக்கு மேல் உயர்ந்தது. அவ்வளவு நீரோடு ஆனிமழையையும் எதிர்நோக்குவது தகாதென்று கண்டு, மே 24-ஆம் நாளே அணையைத் திறந்தனர். நாடு சுதந்திரம் பெற்றபின் மே மாதத்தில் அணை திறந்தது அதுவே முதன்முறை. மே 27-இல் கல்லணை திறந்தது. ஏறத்தாழ 80 கோடி ரூபாய்ச் செலவில் 4,900 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. நீர் வருவதை முன்னறிந்து அதனை விரைந்து முடிக்க முயன்றனர். தலைமடையில் முடிந்தது, கடைமடையிற் சில இடங்களில் மண்வெட்டி எடுக்குமுன் நீர் வந்துவிட்டதென்று உழவர் குறைகூறினர். ஆயினும் குறுவை ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் நடப்பட்டது. ஜூலை நடுவில் அணை மறுபடியும் 120 அடி நிறைந்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் வெளியேற்றம் இரண்டு லட்சத்தை எட்டியது. கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் முதலிய ஊரார் வீடு விட்டு முகாமிற் தங்கினர்.

இரண்டு ஆண்டுகளையும் ஒத்துநோக்குக. வெள்ளம் இரண்டிலும் ஓரளவினதே. திட்டுகளில் வாழ்வார் துன்பம் இரண்டிலும் குறையவில்லை. அதற்கு மேட்டூரில் மருந்தில்லை. ஆனால் 2018-இல் வெள்ளம் வந்தபோது நம் ஆறுகள் வறண்டிருந்தன. 2022-இல் அவை ஏற்கெனவே இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தன. ஆகையால் 2022-இல் 'வெள்ளம் கடலில், வறட்சி வயலில்' என்னும் ஓலம் முன்போல் எழவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. தலைமடையிற் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. கடலை நெருங்க நெருங்க அவ்வேறுபாடு தேய்ந்து, வெள்ளையாறே பாய்ச்சுவதாகவும் அதுவே வடிப்பதாகவும் ஆகிவிடுகின்றது. ஆவணியில் அதில் நீர் வரவேண்டும் என்று வேண்டுவோம். கார்த்திகையில் அதில் நீர் விரைந்து போகவேண்டும் என்று வேண்டுவோம். கடலில் ஏற்றமிருக்கும் நாளில் போகாது. முகத்துவாரத்தில் மணல் மேவினாலும் போகாது. கோடையிலோ உப்புநீர் எதிரேறி வரும். அதனைத் தடுக்கக் கடைசி இயக்கு அணையின் ஷட்டர் செவ்வையாய் இறங்கவேண்டும். துருப்பிடித்த ஷட்டர் ஒன்று ஏறவும் மாட்டாது இறங்கவும் மாட்டாது நின்றால், மேட்டூரில் எத்துணை அடி நின்றும் நமக்குப் பயனில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு வடிகால், வேதாரணியம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளையும் மதகுகளையும் புதுக்கும் வேலை 2016-க்குப் பின் மேற்கொள்ளப்பட்டது. வேலை நடந்த இடங்களில் வேற்றுமை கண்கூடு. அவற்றினின்று பிரியும் சிறு வாய்க்கால்களோ ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடப்பன இன்னும் பல.

முன்னாளில் அச்சிறு வாய்க்கால்களை வெட்டுதல் ஊரார் கடமையாயிருந்தது. குடிமராமத்து என்று பெயர். கும்பினியார் 1858-இல் அதனைச் சட்டமாக்கி, வாராதவனுக்குத் தண்டமும் விதித்தனர். சட்டமான பின்னரே அது தளர்ந்தது என்பாருமுளர். எந்த வாய்க்காலை எந்தத் தெரு வெட்டுவது, எத்தனை கோல், வெட்டிய பின் நீர்முறை யாருக்கு முதலில் என்பன அக்காலக் கணக்குகளிற் காணப்படும். கடைமடை ஊர்களில் முறை கடைசியிலிருந்து தொடங்குவதும், அதாவது வால்பக்கத்து வயல் பாய்ந்த பின்னரே தலைப்பக்கத்தார் மடை திறப்பதும், சிலவிடத்து வழக்கமாயிருந்தது. இவ்வழக்கு எவ்வெவ்வூரில் நிலவிற்று, எப்போது ஒழிந்தது என்று எழுதப்பட்ட வரலாறு காண்டலரிது. நம் சங்கத்தாருள் பாட்டனார் காலத்துக் குடிமராமத்துக் கணக்கோ, நீர்முறைச் சீட்டோ, வாய்க்கால் வழக்குப் பற்றிய ஓலையோ பெட்டியில் வைத்திருப்பார் உளராயின், செல்லரிக்குமுன் படியெடுத்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புவாராக. வெள்ளையாற்றுக் கடைமடை ஊர்களின் நீர்முறைகளைப்பற்றி வேறொரு கட்டுரை எழுத அவை உதவும்.